கரடிக்கு முன்னால் நாம் பேசிக்கொண்டது

சம்பந்தி,

உங்களுக்கு ஒரு சேதி வந்திருக்கிறது. நல்ல சேதிதான். ஆனால் அதை இந்தத் தாளில் எழுத மாட்டேன். எழுதினால் நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வீர்கள் என்று எனக்குத் தெரியும். நாளை முதல் பஸ்ஸில் நேரில் வருகிறேன். அதுவரை சேதியை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. அதனால்தான் வேறு கதையெல்லாம் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

இந்த வருடம் பெரம்பலூரில் மார்கழிப் பனி கொஞ்சம் அதிகம். விடியற்காலைப் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் காது அடைத்துக்கொள்ளும். அதனால் பீரோவின் அடித்தட்டில் கிடந்த சாம்பல் நிற ஜெர்கினை வெளியே எடுத்தேன். கனடாவில் மாப்பிள்ளை நம் இருவருக்கும் ஒரே கடையில், ஒரே நிறத்தில், ஒரே அளவில் எடுத்துக் கொடுத்தாரே, அதுதான். ஊருக்குத் திரும்பி வந்ததும் பீரோவுக்குள் போனது. நம் ஊர் வெயிலில் அதை யார் தொட்டார்கள்? இன்றைக்கு எடுத்து உதறினேன். கருவாட்டு வாசனை அடித்தது.

"யாரு வூட்டுல நெத்திலி வறுக்குறாங்க?" என்று அடுப்படியிலிருந்து என் வீட்டுக்காரி கேட்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இது என்னுடைய ஜெர்கின் இல்லை, உங்களுடையது. பெட்டி கட்டும்போது மாறியிருக்கிறது. வலது பக்கப் பையில் கையை விட்டேன். அந்தக் கரித்துண்டு அங்கேயே இருந்தது. கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன் சம்பந்தி. சிரிப்புதான் முதலில் வந்தது.

உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் என் பக்கத்து நியாயத்தோடு ஒருமுறை சொல்லிவிடுகிறேன். நீங்கள் குறுக்கே பேச முடியாத சமயம் இது ஒன்றுதான்.

என் மகளை உங்கள் மகனுக்குக் கொடுத்த மறு வருடம் என் அம்மா இறந்தாள். விடியற்காலையில் உயிர் போனது. வீடு இருந்த நிலையில் யார் எதைச் செய்தார்கள் என்றே எனக்கு நினைவில்லை. என் தம்பி மகன் அம்மாவின் படத்தைப் போட்டு, மாலை வரைந்து, எடுக்கும் நேரத்தையும் எழுதி எல்லாச் சொந்தத்துக்கும் செல்போனில் அனுப்பிவிட்டான். உங்களுக்கும் அதுதான் வந்தது. சம்பந்தி வீட்டுக்கு ஆள் விட்டுத்தான் சாவுச் சேதி சொல்ல வேண்டும் என்பது முறை. உங்கள் பக்கத்தில் முறை, எங்கள் பக்கத்திலும் முறை. நீங்கள் வரவில்லை. பந்தலில் உட்கார்ந்திருந்த பெரிசுகள், "சம்பந்தி வூட்டுக் கோடி எங்கப்பா?" என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். சம்பந்தி வீட்டுக் கோடித் துணி மேலே விழாமலே என் அம்மாவைத் தூக்கினோம். அதை நான் மறக்கவில்லை. ஆள் வராததை நீங்களும் மறக்கவில்லை. மூன்று வருடம் ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை இல்லை.

பேத்தி பிறந்த சமயம் மகளின் பிரசவத்துக்கென்று நானும் என் வீட்டுக்காரியும் கனடா போனோம். உங்கள் வீட்டம்மா முன்பே காலமாகிவிட்டதால், தனியாகக் கிடக்கிறாரே என்று உங்கள் மகன் உங்களையும் டிக்கெட் போட்டு வரவழைத்துவிட்டார். இரண்டு படுக்கையறை கொண்ட வீடு. வெளியே போகத் தெரிந்த இடம் கிடையாது. அதற்குள் நாம் இரண்டு பேரும் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பச்சைக் குழந்தைதான் நமக்குத் தபால்காரி. "உங்க பெரம்பலூர்த் தாத்தாகிட்ட டிவி சத்தத்தக் கொறைக்கச் சொல்லுடி தங்கம்" என்று நீங்கள் தொட்டிலைப் பார்த்துச் சொல்வீர்கள். "காது கேக்காதவங்களுக்காகத்தான் சத்தமா வச்சிருக்குன்னு சொல்லுடி" என்று நானும் தொட்டிலைப் பார்த்துத்தான் சொல்வேன். அவள் பாட்டுக்குக் காலை உதைத்துக்கொண்டு கிடப்பாள்.

ஒரு நாள் என் மகள் பாத்திரத்தை மேடைமேல் வைத்துவிட்டு நம் இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"அப்பா, மாமா, ரெண்டு பேரும் கேட்டுக்குங்க. நீங்க ரெண்டு பேரும் பேசாத வரைக்கும் நான் புள்ளையத் தூக்கிட்டு ஊருக்கு வரமாட்டேன். அங்க ஒரு நாள், இங்க ஒரு நாள், அவங்க வந்தா இவங்க வரமாட்டாங்கன்னு கைக்குழந்தைய வச்சுக்கிட்டு என்னால அலைய முடியாது. காது குத்து இங்கேயே கடையில குத்திக்கிறேன்."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் என் பெண். சொன்னால் செய்வாள். குலதெய்வக் கோயிலில் பேத்தியை மடியில் வைத்துக் காது குத்துகிற காட்சியை, குழந்தை வயிற்றில் இருக்கும்போதே நான் மனதில் பார்த்து வைத்திருந்தேன். நீங்களும் பார்த்து வைத்திருந்தீர்கள் என்று உங்கள் முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் நீங்கள் ஜன்னலைப் பார்த்தீர்கள், நான் டிவியைப் பார்த்தேன். யார் முதலில் வாயைத் திறப்பது?

அந்த வாரக் கடைசியில்தான் மாப்பிள்ளை நம் இருவரையும் காரில் ஏற்றிக்கொண்டு வடக்கே கிளம்பினார். கரடி மீன் பிடிப்பதைக் காட்டுகிறேன் என்றார். வீட்டுப் பெண்களுக்கு நம்மிடமிருந்து கொஞ்சம் விடுதலை வேண்டியிருந்தது என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. நீங்கள் முன் சீட்டு, நான் பின் சீட்டு. போகப் போக மலை, மரம், ஏரி, மறுபடி மலை. ஆளே கிடையாது. நம் அரியலூர் ரோட்டில் சிமெண்ட் லாரிக்கு நடுவில் புகுந்து புகுந்து போகிற கண்ணுக்கு அந்த ரோடு வெறிச்சென்று பயமாக இருந்தது. இதை உங்களிடம் சொல்லலாம் என்று வாய் வரை வந்தது. முழுங்கிக்கொண்டேன்.

வழிக்கு என் வீட்டுக்காரி தயிர்சோறும் வறுத்த நெத்திலியும் கட்டிக் கொடுத்திருந்தாள். நெத்திலி உங்கள் பெட்டியில் ஊரிலிருந்து வந்தது. வீச்சமான பண்டத்தை வெளியூருக்கு எடுத்துப் போனால் காத்துக்கருப்பு எதுவும் பின்னால் வராமலிருக்கக் கரித்துண்டு ஒன்றைக் கூடவே வைக்க வேண்டும் என்று, உங்கள் அடுப்பில் எரிந்த முந்திரிக் கட்டையின் கரியையும் ஊரிலிருந்தே கொண்டு வந்திருந்தீர்கள். முதல் நாள் மதியம் கார் முழுக்க வாசனை. "அப்பா, இந்த வாசனை சீட்டுல ஏறுனா போவவே போவாது. மிச்சத்தத் தூக்கிப் போட்டுடுங்க" என்றார் மாப்பிள்ளை. நீங்கள் சரி என்று தலையாட்டினீர்கள். குப்பைத்தொட்டி வரை போய்த் திரும்பி வந்தீர்கள். போடவில்லை என்பது எனக்குப் பின் சீட்டிலிருந்தே தெரிந்தது, ஜெர்கினின் வலது பை உப்பியிருந்தது. நாம்தான் பேசிக்கொள்வதில்லையே, நான் ஏன் காட்டிக்கொடுக்க வேண்டும்?

மறுநாள் அந்த ஆற்றுக்குப் போய்ச் சேர்ந்தோம். கரையோரம் மரப்பலகையால் உயரமான நடைபாலம் கட்டியிருந்தார்கள். வாசலில் காவலுக்கு நின்ற வனத்துறைப் பெண் எதையோ நீளமாகச் சொன்னாள். மாப்பிள்ளை நமக்குச் சொன்னார்.

"கையில திங்கிற பொருள் எதுவும் இருக்கக் கூடாதாம். இருந்தா வண்டியிலேயே வச்சிட்டு வரணும். பாதையில கரடி எதிர்ல வந்துட்டா ஓடக் கூடாது, கத்தக் கூடாது. கூட இருக்கவங்க ஒட்டி நின்னுக்கணும். மெதுவான கொரல்ல பேசிக்கிட்டே பின்னால நகரணும். முதுகக் காட்டக் கூடாது."

"எதுக்குப் பேசணும்?" என்று கேட்டீர்கள்.

"பேசுனாதான் மனுசன்னு அதுக்குத் தெரியுமாம்."

"என்னத்தப் பேசறது?"

"எதை வேணாலும் பேசலாம்ப்பா. அதுக்கென்ன தமிழ் தெரியவா போவுது."

திங்கிற பொருள் இருக்கிறதா என்று அவள் மறுபடி கேட்டபோது நீங்கள் மகனைப் பார்த்தீர்கள். பிறகு இல்லை என்று தலையாட்டினீர்கள். மகனிடம் திட்டு வாங்குவதைவிடக் கரடி தேவலை என்று நினைத்திருப்பீர்கள்.

ஆற்றங்கரை முழுக்கச் செத்த மீனின் நாற்றம். கனடாவில் இறங்கிய நாளிலிருந்து பழகிய வாசனை ஒன்றுகூட என் மூக்கில் பட்டதில்லை. அன்றைக்குத்தான் பட்டது. தண்ணீருக்குள் கால் வைக்க இடமில்லாமல் சால்மன் மீன்கள். முழங்கை நீளம், சிவந்த உடம்பு, கொக்கிபோல வளைந்த வாய். சிலது தோல் வெளுத்து, செதில் பிய்ந்து, அப்படியும் எதிர்த்து நீந்திக்கொண்டிருந்தன.

"கடல்லேர்ந்து வருது மாமா. பொறந்த ஆத்தத் தேடி வந்து முட்டை போட்டுட்டு இங்கேயே செத்துடும்" என்றார் மாப்பிள்ளை.

"பரவால்லடா" என்றீர்கள் மகனிடம். "மீனாவது ஊருக்குத் திரும்பி வருது."

அவர் காதில் விழாததுபோல் தூரத்தைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இருமுவதுபோல மறைத்தேன். நீங்கள் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டீர்கள்.

முதல் கரடி வந்தபோது யாரும் சத்தம் போடவில்லை. புதரை விலக்கிக்கொண்டு சொந்த வயலுக்குள் இறங்குகிற ஆள்போல ஆற்றுக்குள் இறங்கியது. கொஞ்ச நேரம் அசையாமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு இரண்டு முன்னங்காலையும் சேர்த்து ஒரே அமுக்கு. உங்கள் பொன்னேரி வற்றும்போது ஊரே இறங்கி மூங்கில் கூடையைக் கவிழ்த்து மீன் பிடிப்பார்களே, அதே அமுக்கு. "ஊத்தா போடுது பாரு" என்று மகனிடம் சொன்னீர்கள், எனக்குக் கேட்கிற சத்தத்தில். மீனைக் கரைக்கு இழுத்து வந்து, வயிற்றைக் கிழித்துச் சினையை மட்டும் தின்றுவிட்டு மீதியை அப்படியே போட்டுவிட்டு அடுத்த மீனுக்குப் போனது. "தலையும் வாலும் கொழம்புக்கு ஆவுமே" என்று உங்களுக்கு மனசே ஆறவில்லை.

பிறகு இன்னொரு பெரிய கரடி வந்தது. முதல் கரடி அதைப் பார்த்தது, ஒருமுறை உறுமியது. இரண்டும் ஆளுக்கொரு பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு அதே தண்ணீரில் நின்றன.

"ரெண்டும் ஒரே ஆத்துலதான் நிக்குது. ஒண்ணு மூஞ்சிய ஒண்ணு பாக்குதா பாருங்க" என்றார் மாப்பிள்ளை. நம் இருவருக்கும் நடுவில் நின்றுகொண்டுதான் சொன்னார். நாம் இருவரும் மிகவும் அக்கறையாக மீனைப் பார்த்தோம்.

திரும்பும்போது அவர் வண்டியை எடுத்து வருகிறேன் என்று முன்னால் போய்விட்டார். ஜல்லி போட்ட ஒற்றைப் பாதை. நான் முன்னால், நீங்கள் வழக்கம்போலச் சேராத தூரத்தில் பின்னால். என் ஷூ கயிறு அவிழ்ந்துவிட்டது. எனக்கு ஷூவும் பழக்கமில்லை, கயிறும் பழக்கமில்லை. குனிந்து அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

"சம்பந்தி, அசையாதீங்க."

எனக்குக் கரடி நினைவே வரவில்லை. இவர் ஏன் என்னிடம் பேசுகிறார் என்றுதான் நினைத்தேன். தலையைத் தூக்கினேன். பாதைக்கு நடுவில், தண்ணீர் சொட்டச் சொட்ட அது நின்றது. மூக்கை உயர்த்திக் காற்றை முகர்ந்துகொண்டிருந்தது. என்னை முகரவில்லை. என் தலைக்கு மேலாக உங்களை முகர்ந்தது.

நடைபாலத்தின் கதவு உங்களுக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில்தான் இருந்தது. நீங்கள் அந்தப் பக்கம் போயிருக்கலாம். கரடி தேடி வந்த பண்டம் உங்கள் பையில் இருக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரியும். நீங்கள் கதவுப் பக்கம் போகவில்லை. மெதுவாக நடந்து என்னிடம் வந்தீர்கள். கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தி என் தோளோடு தோளை ஒட்டிக்கொண்டு நின்றீர்கள். உங்கள் உடம்பு நடுங்கியது எனக்குத் தெரிந்தது. அந்த நடுக்கத்தோடு என்னிடம் நடந்து வந்த மனிதரை அதற்குப் பிறகு என்னால் ஒரு நாளும் வெறுக்க முடிந்ததில்லை.

"பேசுங்க சம்பந்தி. அந்தப் பொண்ணு பேசச் சொன்னா" என்றீர்கள்.

"என்னத்தங்க பேசறது?"

"எதையாவது பேசுங்க."

எனக்கு உங்களிடம் பேச ஒன்றே ஒன்றுதான் இருந்தது. தொட்டில் பிள்ளையைத் தூங்கவைக்கிற குரலில் கேட்டேன்.

"எங்கம்மா சாவுக்கு ஏங்க நீங்க வரல?"

"ஆள் விட்டீங்களா?" என்று நீங்களும் அதே குரலில் கேட்டீர்கள்.

"எழவு வூட்டுல எந்த ஆளுங்க சும்மா இருப்பான்?"

"பெரம்பலூர்லேர்ந்து எங்க ஊருக்குப் பஸ்ஸு இல்லியா? செல்லுல படம் போட்டு அனுப்புனா அது என்ன கல்யாணப் பத்திரிகையா? ஒரு எட்டு பின்னால வைங்க. பாத்து."

"வச்சிட்டேன். பந்தல்ல எல்லாரும் கேட்டாங்க, சம்பந்தி வூட்டுக் கோடி எங்கன்னு. நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் பதில் சொல்றது?"

"நீங்க பேசும்போது அது காத ஆட்டுதுங்க. இன்னுங் கொஞ்சம் மெதுவா."

"எங்கம்மா கோடியில்லாமப் போனாங்க சம்பந்தி" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன்.

கரடி ஓரடி முன்னால் வைத்தது. "பேசுங்க" என்று உங்கள் விலாவில் இடித்தேன்.

"எடுத்தேங்க" என்றீர்கள்.

"என்னத்த?"

"கோடி. ஜெயங்கொண்டத்துல சேலை எடுத்துக்கிட்டு அரியலூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்துட்டேன். அங்க எங்கூரு ஆளு ஒருத்தன், சேதி யாரு வந்து சொன்னாங்கன்னு கேட்டான். யாரும் வரலன்னு சொல்ல எனக்கு வாய் வரல. அப்படியே அடுத்த பஸ்ஸுல திரும்பிட்டேன். ஆத்தாவுக்கு எடுத்த சேலை வூட்டுலதாங்க இருக்கு. கோடி எடுத்தத வேற யாரு கட்டுவா? பீரோவத் தொறக்கறப்பல்லாம் கண்ணுல படுது."

எனக்குக் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. கரடிக்கு முன்னால் கையைத் தூக்கிக் கண்ணைத் துடைக்கலாமா கூடாதா என்று அந்தப் பெண் சொல்லவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

"இன்னொண்ணு சொல்லணுங்க" என்றீர்கள். "பையில நெத்திலி இருக்கு."

"தெரியும்."

"தூக்கிப் போட்டுடவா? எடுத்துக்கிட்டுப் போயிடும்."

"போடாதீங்க. மனுசங்கிட்ட தீனி கெடைக்கும்னு அதுக்குப் பழகிட்டா நாளைக்கு எவ தாலியையாவது அறுத்துடும்."

"அப்பப் பேசுங்க."

பேசினோம். என் வீட்டுக்காரியின் சர்க்கரை, உங்கள் தோப்பில் பூச்சி விழுந்தது, அந்த வருடம் என் சின்ன வெங்காயம் அழுகியது, பேத்திக்கு யார் மூக்கு என்று எல்லாம் பேசினோம். மூன்று வருடப் பாக்கியைப் பின்னால் நடந்தபடியே பேசி முடித்தோம். முதுகில் கதவு இடித்தது. அந்த வனத்துறைப் பெண் எப்போது வந்து கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள் என்று தெரியவில்லை. நாம் உள்ளே போனதும் கரடி நாம் நின்ற இடம் வரை வந்தது. நான் குனிந்திருந்த ஜல்லியை முகர்ந்தது. வேறு ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் ஆற்றுப் பக்கம் இறங்கிப் போய்விட்டது.

அவள் உங்கள் பையைச் சோதித்தாள். நெத்திலியை இரும்புத் தொட்டியில் போட்டுப் பூட்டினாள். அதற்குள் வண்டியோடு வந்துவிட்ட மாப்பிள்ளை அவள் திட்டியதை மொழிபெயர்க்கவில்லை, முகமே போதுமானதாக இருந்தது. கரித்துண்டை மட்டும் உங்கள் கையில் திருப்பிக் கொடுத்து இது எதற்கு என்று கேட்டாள். "இது கூட இருந்தா எதுவும் பின்னால வராதுன்னு சொல்லுடா" என்றீர்கள். "அப்பா, பேசாம வண்டியில ஏறுங்க" என்றார் மகன்.

திரும்பி வரும்போது நீங்கள் முன் சீட்டில் ஏறவில்லை. பின்னால் என் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். கரித்துண்டு இருந்தும் கரடி வந்ததே என்று நான் கேட்டேன். "வந்துச்சு. தொட்டுச்சா?" என்று கேட்டீர்கள். அதிலிருந்து ஒரு சண்டை ஆரம்பித்தது. கொஞ்ச தூரம் போனதும் என் மகள் போனில் கூப்பிட்டாள். காருக்குள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அவள் குரல் வந்தது.

"என்ன சத்தம் அது?"

"ரெண்டு பேரும் சண்ட போடறாங்க" என்றார் மாப்பிள்ளை.

"பேசிட்டாங்களா?"

"வாய மூட மாட்டேங்கறாங்க."

அந்தப் பக்கம் அவள் அழுதாள். நாம் இருவரும் சண்டையை நிறுத்திவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தோம்.

ஊருக்கு வந்தபின் அம்மாவின் வருடத் திதிக்கு நீங்கள் அந்தச் சேலையோடு வந்தீர்கள். காலம் கடந்து வந்த கோடியை என்ன செய்வது என்று பங்காளிகள் ஆளுக்கொன்று சொன்னார்கள். நான் வாங்கி அம்மாவின் படத்துக்கு முன்னால் படையலில் வைத்தேன். நீங்கள் விழுந்து கும்பிட்டுவிட்டு, எழுந்திருக்கக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டீர்கள். மகள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். சித்திரையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். காது குத்தும்போது பேத்தி வீரிட்டு அழ, கரடிக்குப் பேசிய அதே குரலில் நாம் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமிருந்து பேசி அவளை அடக்கினோம். கோயிலில் இருந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

அதற்குப் பிறகு உங்களிடமிருந்து எனக்குப் போனில் ஒரு சேதியும் வந்ததில்லை. "ஒரு விசயம் இருக்கு, நேர்ல வரேன்" என்பீர்கள், போனை வைத்துவிடுவீர்கள். என்னமோ ஏதோ என்று நான் பதறிக்கொண்டிருப்பேன். ஜெயங்கொண்டம், அரியலூர் என்று பஸ் மாறி வந்து, டீயைக் குடித்து முடித்துவிட்டு, "மாடு கன்னு போட்டிருக்கு சம்பந்தி. கெடேரி" என்பீர்கள். இதற்கா ஒரு பகலைச் செலவழித்து வந்தீர்கள் என்று கேட்டால், "செல்லுல சொன்னா உங்க மூஞ்சி எனக்கு எப்படித் தெரியும்?" என்பீர்கள். எனக்கும் அந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது. வெங்காயம் நல்ல விலைக்குப் போனது என்று சொல்ல நானும் உங்கள் ஊருக்கு வந்திருக்கிறேன்.

போன வருடம் ஐப்பசியில் ஒரு காலை நேரம். உங்கள் தம்பி மகன் பைக்கை நிறுத்திவிட்டு என் வீட்டு வாசலில் நின்றான். உள்ளே வா என்றேன். வரவில்லை. தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன். வேண்டாம் என்றான். எனக்குப் புரிந்துவிட்டது.

"பெரியப்பா தவறிட்டாங்க மாமா" என்றான். "ஆசுபத்திரிக்குக் கெளம்பறப்பவே சொல்லிட்டாங்க. பெரம்பலூருக்கு ஆள் விட்டுத்தான் சொல்லணும், செல்லுல சொன்னீங்கன்னா நான் எந்திரிச்சி வந்துடுவேன்னு."

என் மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் அங்கே முன்னாலேயே தெரிந்திருக்கிறது. என்னைக் கூப்பிடாமல் இருந்திருக்கிறார்கள். "ஆள் வந்து சேர்றதுக்கு முன்னாடி நான் சொன்னா மாமா கோவிச்சுப்பாருப்பா" என்று மகள் பிறகு சொல்லிவிட்டு அழுதாள். அன்றைக்கு உங்கள் மேல் விழுந்த முதல் கோடி என்னுடையது. பந்தலில் யாரும் யாரையும் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

சரி, போதும். விடிந்தால் பஸ்.

இதற்கு மேல் எழுதுவது மறுநாள், ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்துகொண்டு. உங்களைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன். உங்கள் தோப்பு முந்திரியில் தளிர் விட்டிருக்கிறது, ஒன்றிரண்டு மரத்தில் பூவும் தெரிகிறது. உங்களைப் புதைத்த மூலையில் உங்கள் தம்பி மகன் புல்லைச் செதுக்கிச் சுத்தமாக வைத்திருக்கிறான். வீட்டில் ஆணியில் என்னுடைய ஜெர்கின் தொங்குகிறது. எடுத்துக்கொள்ளச் சொன்னான். அங்கேயே இருக்கட்டும் என்றேன். அவனுக்கும் நான் சேதியை உடனே சொல்லவில்லை. முதலில் உங்களுக்கு.

செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். "சம்பந்தி, ஆள் விடல. நானே வந்துட்டேன்" என்றேன். பிறகு சொன்னேன். சொல்லிவிட்டதால் இனி இங்கேயும் எழுதலாம். நமக்கு இரண்டாவது பேத்தி பிறந்திருக்கிறாள். தாயும் பிள்ளையும் நலம். இவளுக்கு யார் மூக்கு என்று இந்தத் தடவை சண்டையே வேண்டாம். உங்கள் மூக்குதான், விட்டுக்கொடுத்துவிட்டேன். சித்திரையில் காது குத்தத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். ஒரு பக்கம் நான் நிற்பேன். உங்கள் பக்கம் பெரியவள் நிற்பாள். மெதுவான குரலில் பேச அவளுக்கு இப்போதிருந்தே போனில் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கரித்துண்டை உங்கள் மண்ணில் வைத்துவிடலாம் என்றுதான் கொண்டு வந்தேன். வைக்க மனம் வரவில்லை. பிள்ளையை ஊருக்குத் தூக்கி வரும்போது அவள் பையில் போட வேண்டும். அது வரை என் சட்டைப் பையில் இருக்கும்.

புதைத்த இடத்தை விட்டு வரும்போது திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும் என்பார்கள். நான் திரும்பவே இல்லை சம்பந்தி. உங்கள் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு, வெங்காய விலையையும் வீட்டுக்காரியின் சர்க்கரையையும் பேசிக்கொண்டே, ஒவ்வொரு எட்டாகப் பின்னால் வைத்து, தோப்பு வேலிவரை வந்தேன்.